கால் முளைத்த இயந்திரங்கள் – 9: யார் சொல்லி நடந்தது?

ஓஹையோவின் ஆறுகால் நடை இயந்திரத்தை, அந்த ராட்சசனை, ஒரு காலைத் தூக்கிய நிலையில் நிறுத்திவிட்டுப் போயிருந்தோம். வாரம் முழுக்கப் பொறுமையாகக் காத்திருந்தீர்கள். வாருங்கள்.

கிட்டத்தட்ட 3 டன் எடை. முன்னால் ஒரு கூண்டு, அதற்குள் ஓட்டுநர். எந்தக் காலை எங்கே வைத்தால் கவிழாமல் இருக்கலாம் என்று கணக்குப் போட, உடம்புக்குள்ளேயே கணினிகளின் கூட்டம். மெக்கீ, வால்ட்ரன் என்ற இரண்டு பேராசிரியர்களின் பல வருட உழைப்பு அது. நடந்தது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதை நடக்கவைக்க அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கஜானா திறக்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நாசாவின் பணத்தில் இன்னொரு ஆறுகாலனில் இறங்கியிருந்தது. பெயர் ஆம்ப்ளர். செவ்வாய்க் கிரகத்தின் கரடுமுரடான தரையில் என்றாவது ஒருநாள் நடக்கவேண்டும் என்பது கனவு. உயரம் சுமார் 5 மீட்டர். எடை சுமார் 2,500 கிலோ.

கால் என்றால் டன் கணக்கு. நடை என்றால் கோடிக் கணக்கு. அன்றைய நிலவரம் இதுதான்.

அப்போதுதான் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1 கிலோ எடையுள்ள ஒரு பூச்சி எழுந்து நின்றது.

அந்தப் பூச்சி நடந்த கதைதான் இந்த வாரம். நடந்ததைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அதை நடக்கச் சொன்னது யார்?

அதற்கு முன்னால் ஒரு மனிதரைச் சந்தித்தாக வேண்டும். ராட்னி ப்ரூக்ஸ். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தவர். அப்போது எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஆசிரியர். அவர் மனதில் ஒரு பழைய காட்சி தங்கிவிட்டிருந்தது.

ஸ்டான்ஃபோர்டில் அவர் மாணவராக இருந்தபோது, நண்பர் ஹான்ஸ் மொராவெக் ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதே பெரிய வார்த்தை. நான்கு சக்கரம், மேலே ஒரு கேமரா. வண்டி ஒரு மீட்டர் நகரும். நிற்கும். எதிரே இருப்பதைப் படம் பிடித்து, உலகத்தின் வரைபடம் ஒன்றைத் தனக்குள் வரையும். அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம். பிறகு இன்னொரு மீட்டர். நாற்காலிகள் போட்ட ஓர் அறையை, வெறும் 20 மீட்டர் தூரத்தை, கடக்க 5 மணி நேரம் பிடித்தது. வெளியே வெயிலில் விட்டபோது இன்னொரு வேதனை. வண்டி கணக்குப் போட்டு முடிப்பதற்குள் நிழல்கள் நகர்ந்துவிடும். அது மனதில் வரைந்த உலகம் ஒன்று, எதிரே இருக்கும் உலகம் வேறொன்று.

மொராவெக்கின் அறிவில் குறை இல்லை. அந்த வண்டி அன்றைய உலகின் மிகச்சிறந்த சாதனைகளில் ஒன்று. ப்ரூக்ஸை உறுத்தியது வேறு. அந்த அறைக்குள் ஓர் ஈ பறந்து வந்திருந்தால், அத்தனை நாற்காலிகளையும் ஒரு நொடியில் சுற்றி வந்துவிட்டுப் போயிருக்கும். ஈயின் தலைக்குள் என்ன பெரிய கணினி இருக்கிறது?

கேள்வி கூடவே வந்தது. தாய்லாந்து வரைக்கும் வந்தது.

அவருடைய மனைவியின் குடும்பம் தாய்லாந்துக்காரர்கள். ஆற்றின்மேல் கால் நட்டு எழுப்பிய வீடு. விருந்தாளியாகப் போனவருக்கு அந்த மொழி தெரியாது. சுற்றி எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்தவரின் கண்ணில் பூச்சிகள் பட்டன. எவ்வளவு வேகம்! எவ்வளவு சாமர்த்தியம்! இத்தனைக்கும் அவற்றின் நரம்பணுக்கள் கணினியின் பாகங்களைவிட எவ்வளவோ மெதுவானவை. அப்படியென்றால் அவை உலகத்தை வரைந்து, திட்டம் தீட்டி, பிறகு நடக்க வாய்ப்பே இல்லை. நேரம் போதாது.

வரைபடமே வேண்டாம் என்றால்?

திட்டமே வேண்டாம் என்றால்?

இந்த எண்ணத்தோடு அவர் ஊர் திரும்பினார். கண்ணில் பட்டதைக் கை உடனே செய்யட்டும். நடுவில் யோசிக்கும் மூளை தேவையில்லை. எளிய அனிச்சைச் செயல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் போதும் என்றார். பிரான்ஸில் நடந்த ஒரு மாநாட்டில் இதை முதன்முதலாகப் பேசியபோது, துறையின் பெரியவர்கள் சிலர் பின்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டார்கள். இந்தப் பையன் ஏன் தன் எதிர்காலத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறான் என்று அவர்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தது பிற்பாடு ப்ரூக்ஸின் காதுக்கே வந்து சேர்ந்தது.

அந்த முணுமுணுப்பில் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உண்மையான கவலைதான். வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டு இயந்திரங்களை நகர்த்தியவர்களிடம் வந்து கணக்கே வேண்டாம் என்றால் வேறென்ன தோன்றும்?

பேச்சால் அவர்களை வெல்ல முடியாது. ஏதாவது ஒன்று நடந்து காட்ட வேண்டும்.

சக்கர ரோபோக்கள் சிலவற்றை அவர் குழு ஏற்கெனவே செய்திருந்தது. சக்கரம் போதாது. சக்கரத்தை உருட்டத் தந்திரம் தேவையில்லை. கால்கள்தான் சரியான பரீட்சை. ஆறு கால், ஒவ்வொன்றுக்கும் அசைவு, எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒருங்கிணைக்க மேலே ஒரு மூளை இல்லாமல் இது முடியவே முடியாது என்று எல்லாரும் நம்பிய இடம் அது.

ப்ரூக்ஸ் பூச்சிகள் நடக்கும் வீடியோக்களைப் போட்டுப் பார்த்தார். அங்கே ஒரு ரகசியம் கிடைத்தது. மேடு பள்ளத்தில் பூச்சிகள் அப்படியொன்றும் அழகாக நடப்பதில்லை. தடுமாறுகின்றன. கால் நழுவுகிறது. வயிறு தரையில் இடிக்கிறது. அவை அதைப் பொருட்படுத்துவதே இல்லை. அடுத்த காலை எடுத்து வைத்துப் போய்க்கொண்டே இருக்கின்றன. விழாமல் இருக்கத்தான் 3 டன் ராட்சசன் அத்தனை கணக்குப் போட்டான். விழுந்தாலும் பரவாயில்லை என்றால் கணக்கு எதற்கு? மூன்று டன் விழுந்தால் நாசம். ஒரு கிலோ விழுந்தால் ஒன்றும் ஆகாது.

சிறியதாக இருப்பதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறது. இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இதுதான் என்பேன்.

வேலை தொடங்கியது. ஆய்வகத்தில் கிரினெல் மோர் என்றொரு இளைஞர். உடலை வடிவமைத்துச் செய்தது பெரும்பாலும் அவர். கோலின் ஏங்கிள் என்றொரு இளங்கலை மாணவர். சிப்புகளை இணைத்து மின்சுற்றுகளைச் செய்தது பெரும்பாலும் அவர். படிப்பு முடியாத பையனின் கையில் இப்படி ஒரு பொறுப்பு. பதின்மூன்று, பதினான்கு வருடம் கழித்து அமெரிக்க வீடுகளின் தரையெல்லாம் இவர் பெயர் சொல்லப்போகிறது. அது வேறு அத்தியாயம். இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாகங்கள் எங்கிருந்து வந்தன? பொழுதுபோக்காகப் பொம்மை விமானம் விடுகிறவர்கள் இறக்கையை அசைக்கப் பயன்படுத்தும் சின்ன சர்வோ மோட்டார்கள். ஒரு காலுக்கு இரண்டு. ஒன்று காலை முன்னும் பின்னும் வீசும். இன்னொன்று மேலும் கீழும் தூக்கும். முழங்கால் கிடையாது, கணுக்கால் கிடையாது. ஆறு கால்களுக்கு 12 மோட்டார். நீளம் 35 சென்டிமீட்டர். கால்களுக்கு இடையில் பேட்டரிகள். முதுகில் நான்கு சின்ன 8-பிட் சிப்புகள். நான்கிலும் சேர்த்து தற்காலிக நினைவகம் ஏறத்தாழ 1 கிலோபைட். அப்படியென்றால் இந்தப் பக்கத்தில் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் ஒரு பத்தியைக்கூட அதில் முழுசாக வைக்க முடியாது.

பெயர் வைத்தார்கள். செங்கிஸ்!

உலகையே மிதித்துப் போன மன்னனின் பெயர், கரப்பான் பூச்சியைப் போல் தரையில் கிடக்கும் ஒரு கிலோ உருவத்துக்கு.

இனி அது நடக்கப் பழகிய கதை. மெதுவாகவே போவோம். ஒவ்வொரு படியும் முக்கியம்.

முதல் படி, நிற்பது. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு குட்டி நிரல். உன் கோணம் இது, அங்கேயே இரு. அவ்வளவுதான். மின்சாரம் கொடுத்தால் ஆறு கால்களும் கீழே அழுந்தும். உடம்பு தரையிலிருந்து எழும். எழுந்தது. நின்றது. தள்ளினால் மறுபடி பழைய இடத்துக்கு வரும். அதற்கு மேல் எதுவும் தெரியாது.

இரண்டாவது படி. ஒவ்வொரு காலுக்கும் ஒரு பழக்கம். நீ தரையில் இல்லையா? கீழே இறங்கு.

மூன்றாவது, அதே காலுக்கு இன்னொரு பழக்கம். நீ மேலே தூக்கியிருக்கிறாயா? முன்னால் வீசு.

கவனியுங்கள். இரண்டிலும் 'நட' என்ற சொல்லே இல்லை. பக்கத்துக் கால் என்ன செய்கிறது என்று எந்தக் காலுக்கும் தெரியாது. எல்லாக் கால்களும் தரையில் இருப்பதால் எதுவும் நடக்கவும் இல்லை. செங்கிஸ் நின்றுகொண்டே இருக்கிறது.

நான்காவது படியில்தான் ஒரு குறும்பு. எல்லாக் கால்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு குட்டி நிரல். அது ஆறு கால்களின் முன்பின் கோணங்களைக் கூட்டிக்கொண்டே இருக்கும். கூட்டுத்தொகை பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது அதன் ஒரே ஆசை. எந்தக் காலாவது முன்னால் போய்விட்டால் கூட்டுத்தொகை ஏறிவிடும். உடனே எல்லாக் கால்களிடமும் சொல்லும்: கொஞ்சம் பின்னால் போங்கள்.

இதிலும் 'நட' இல்லை. வெறும் கூட்டல்.

இப்போது கடைசிக் கம்பி. ஒவ்வொரு காலாக வரிசைப்படி, தூக்கு என்று ஒரு தட்டுத் தட்டிவிடும் ஒரு சின்ன நிரல். தூக்கு என்று மட்டும்தான் சொல்லும். எங்கே போவது, எவ்வளவு தூரம், எப்போது இறங்குவது, எதுவும் சொல்லாது.

அதை இணைத்தார்கள்.

முதல் தட்டு. ஒரு கால் மேலே போனது.

மேலே போனதா? அப்படியென்றால் முன்னால் வீசு. வீசியது.

வீசியதா? கூட்டுத்தொகை ஏறிவிட்டது. எல்லாரும் கொஞ்சம் பின்னால். அந்தரத்தில் இருக்கும் கால் அதைக் காதில் வாங்காது. அதற்கு முன்னால் வீசும் வேலை இருக்கிறது. தரையை ஊன்றியிருக்கும் மற்ற ஐந்து கால்களும் பின்னால் தள்ளின.

தரையைப் பின்னால் தள்ளினால் என்ன ஆகும்?

உடம்பு முன்னால் போனது.

தூக்கிய கால் தரையில் இல்லையே? இறங்கு. இறங்கியது. அடுத்த காலுக்குத் தட்டு. தூக்கு. வீசு. தள்ளு. இறங்கு.

செங்கிஸ் நடந்தது.

நடை என்ற ஒன்றை யாரும் அதற்குள் எழுதி வைக்கவில்லை. எந்த நிரலைத் திறந்து பார்த்தாலும் நடை இருக்காது. தூக்குவது ஒன்று, வீசுவது ஒன்று, கூட்டுவது ஒன்று. அவை சந்திக்கும் இடத்தில் நடை தானாகப் பிறந்தது. தட்டும் வரிசையை மட்டும் மாற்றினால் நடையின் பாணியே மாறியது. மும்மூன்று கால்களாக எடுத்து வைக்கும் வேக நடை வேண்டுமா? பின்னாலிருந்து முன்னால் அலை அலையாக வரும் நிதான நடை வேண்டுமா? வரிசையை மாற்று, போதும்.

பின்வரிசை முணுமுணுப்புக்குப் பதில் கிடைத்துவிட்டதா?

இன்னும் இல்லை. இது சமதரை. பொம்மைக்கடைப் பொம்மைகூடச் சமதரையில் நடக்கும்.

அடுத்து தடைகளைப் பரப்பினார்கள். செங்கிஸ் தள்ளாடியது. ஒரு கால் மேட்டில் ஏறினால் உடம்பே ஒருபக்கம் சாய்ந்தது. இன்னொரு கால் அந்தரத்தில் தொங்கியது. எல்லாக் கால்களும் ஒரே ஆழத்துக்கு அழுந்தப் பிடிவாதம் பிடித்ததுதான் காரணம்.

ப்ரூக்ஸ் எழுதி வைத்ததில் கை வைக்கவில்லை. அதுதான் அவருடைய முறை: கீழ் அடுக்கு வேலை செய்கிறதா, அதை அப்படியே விடு; மேலே இன்னொன்றை அடுக்கு. ஒவ்வொரு காலுக்கும் இன்னொரு பழக்கம் சேர்ந்தது. உன்மேல் பாரம் அதிகமா? கொஞ்சம் இளகிக் கொடு. பாரத்தை அளக்கத் தனிக் கருவிகூட வாங்கவில்லை. மோட்டார் தன் இடத்தை அடையமுடியாமல் எவ்வளவு திணறுகிறது என்பதே பாரத்தின் அளவு.

ஸ்ரீரங்கத்தில் பெருமாளைத் தோளில் தாங்கி வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தெருவில் மேடு பள்ளம் இருக்கும். ஒவ்வொருவரும் தன் தோளில் அழுந்தும் பாரத்தை மட்டும் உணர்ந்து சற்றே தாழ்வார், சற்றே நிமிர்வார். பல்லக்கு ஆடாமல் வரும். செங்கிஸின் ஆறு கால்களும் இப்போது அதைத்தான் செய்தன. தள்ளாட்டம் அடங்கியது.

பிறகு ஒரு செங்குத்தான ஏற்றம் வைத்தார்கள்.

முன்கால்கள் ஏறின. உடம்பு அண்ணாந்தது. எடையெல்லாம் பின்கால்களுக்கு வந்தது.

பாரம் அதிகமா? இளகிக் கொடு.

பின்கால்கள் இளகின. உடம்பு இன்னும் பின்னால் சரிந்தது. சரிந்ததால் பாரம் இன்னும் ஏறியது. ஏறியதால் இன்னும் இளகின.

சமதரையில் காப்பாற்றிய பழக்கமே ஏற்றத்தில் காலை வாரியது!

இங்கே நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஏற்றமா சமதரையா என்று கண்டுபிடித்து, சரிவை அளந்து, எந்தக் காலுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட உட்கார்ந்திருப்போம். அதாவது ஓஹையோவுக்கே திரும்பிப் போயிருப்போம். அந்தச் சபலம் மிகவும் வலியது. கணக்கு தெரிந்தவர்களுக்கு இன்னும் வலியது. ப்ரூக்ஸ் கணிதம் படித்து வந்தவர்.

அவர் செய்தது இவ்வளவுதான். உடம்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும் ஒரு சாய்வுமானி. அதைப் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு குட்டி நிரல்கள்: ஒன்று முன்சாய்வுக்கு, ஒன்று பின்சாய்வுக்கு. சாய்வு அதிகமானால் பாரம் ஏறிய கால்களின் காதைப் பொத்து. இளகும் பழக்கத்தைத் திருத்தவில்லை, நீக்கவில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் வாயடைத்தார்.

சரிவு நின்றது. செங்கிஸ் ஏறியது.

அதற்குப் பிறகு அடுக்குகள் வேகமாக ஏறின. முன்னால் இரண்டு மீசை. மீசை எதிலாவது பட்டால் முன்கால்கள் வழக்கத்தைவிட உயரத் தூக்கும். முகத்தில் உடற்சூட்டை உணரும் ஆறு சென்சார்கள். எல்லாம் முடிந்தபோது மொத்தம் 57 குட்டி நிரல்கள். அவற்றில் 48, ஒரு காலுக்கு எட்டு வீதம் கால்களுக்கே சொந்தம். ஆறு கால்களையும் சேர்த்துப் பார்ப்பவை இரண்டே இரண்டு: கூட்டுவது ஒன்று, தட்டுவது ஒன்று. அவற்றுக்கும் உலகம் என்று ஒன்று இருப்பது தெரியாது.

கடைசி அடுக்கைப் போட்டதும் செங்கிஸ் நடப்பதையே நிறுத்திவிட்டது. எழுந்து நின்றது, அப்படியே காத்திருந்தது.

பழுதா?

யாரோ ஒருவர் எதிரே நடந்து போனார். மனித உடம்பின் சூடு முகத்தில் பட்டது. ஆறு கால்களும் உயிர்பெற்றன. அவர் போன திசையில் அதுவும் திரும்பியது. தடைகள்மேல் ஏறி இறங்கி, விடாமல் அவர் பின்னாலேயே போனது. அவர் அகன்றதும் நின்றது.

பார்த்தவர்களுக்கு அது இயந்திரமாகத் தோன்றவில்லை. ஓர் உயிரினமாகவே தோன்றியது என்று ப்ரூக்ஸ் பின்னாளில் எழுதினார். அதைக் கம்பி கம்பியாக அறிந்தவரே அப்படி எழுதினார் என்பதுதான் எனக்கு வியப்பு.

அவர் அங்கே நிற்கவில்லை. ஆய்வகத் தோழி அனிட்டா ஃப்ளின்னுடன் சேர்ந்து 1989-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். செவ்வாய்க்கு ஒரு ராட்சசனை அனுப்பாதீர்கள், 1 கிலோ பூச்சிகளைக் கூட்டமாக அனுப்புங்கள் என்றது கட்டுரை. வேகமாகச் செய்யலாம், மலிவாகச் செய்யலாம், பூமியிலிருந்து கடிவாளம் பிடிக்கவும் வேண்டாம். ஒன்று செத்தால் மற்றவை வேலையைப் பார்க்கும். டன் கணக்கில் திட்டம் போட்டுக்கொண்டிருந்த நாசாவின் கூடங்களில் அந்தக் கட்டுரை என்ன செய்தது என்பதைப் பிறகு பார்ப்போம். செங்கிஸ் இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்தின் உடைமை என்பதை மட்டும் இப்போது சொல்லி வைக்கிறேன்.

ஏனென்றால் அதைவிட அவசரமான ஓர் இடத்துக்கு நாம் போக வேண்டும்.

கனடா. வாட்டர்லூ பல்கலைக்கழகம். அதே 1989. ப்ரூக்ஸ் அங்கே பேச வந்திருக்கிறார். கேட்க வந்தவர்களில் ஒருவர் மார்க் டில்டன். மூளையைக் குறைத்து, கணக்கைக் குறைத்து, நான்கு சின்னச் சிப்புகளில் ஒரு பூச்சியை நடக்கவைத்த கதையை அவர் கேட்கிறார்.

கேட்டுவிட்டு அவருக்கு வந்த கேள்வி வேறு யாருக்கும் வரவில்லை. அந்த நான்கு சிப்பு மட்டும் எதற்கு?

அவர் பழைய வாக்மேன்களைப் பிரித்தார். குப்பைக்குப் போகவிருந்த மோட்டார்களை எடுத்தார். கம்பியை வளைத்துக் கால் செய்தார். விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய டிரான்சிஸ்டர்களை வளையமாக இணைத்தார். மைக்ரோபிராசசர் ஒன்றுகூடக் கிடையாது. நினைவகம் ஒரு பைட்கூடக் கிடையாது. நிரல் ஒரு வரிகூடக் கிடையாது.

மின்சாரத்தைக் கொடுத்தார்.

(அடுத்த வாரம்)